எங்கள் ஊர்க் கணக்கில் வராத திருட்டுகள்

நாள்: 20.03.2025
வாக்குமூலத்தை எழுதுபவர்: தலைமைக் காவலர் எழிலரசி

என் பெயர் குள்ளம்மாள். கணவர் பெயர் வெங்கடாசலம். தர்மபுரி மாவட்டம், கடத்தூரை அடுத்த இச்சிமரத்துக்கொட்டாயில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்புறம் ஓட்டு வீட்டில் குடியிருக்கிறேன். வயதை முதலில் நாற்பத்து நாலு என்று சொன்னேன். எழிலரசி அம்மா ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தபடி இருந்ததால், ஐம்பத்தொன்று என்று மாற்றி எழுதச் சொன்னேன். தலைக்குச் சாயம் அடித்தது நேற்றுதான், காவல் நிலையத்துக்கு வருவதற்காக. படிப்பு இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடத் தெரியும். புளி சீசனில் புளி தட்டிக் கொட்டை எடுப்பேன், மற்ற நாட்களில் களை வெட்டப் போவேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்த புகாரில், வடக்கத்தி ஆட்கள் வந்த பிறகு ஊரில் ஐந்து திருட்டு நடந்திருப்பதாகவும், அதைச் செய்தவர் பீகாரைச் சேர்ந்த சுக்தேவ் மாஞ்சி என்றும் எழுதியிருக்கிறது. அதற்குச் சாட்சி, செல்போன் வீடியோவில் நான் பேசிய பேச்சு. அதை நான் இங்கே வந்து ஆமாம் என்று சொன்னால், ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் அவரை நாளைக்கு அங்கிருந்தே சிறைக்கு அனுப்புவார்கள் என்று ஆய்வாளர் ஐயா சொன்னார். ஆமாம் என்று சொல்வதற்காகத்தான் என்னை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நானும் சொல்வதற்காகத்தான் வந்தேன். இப்போது வேறு சொல்கிறேன். என் கணவர் வெளியில் வேப்பமரத்தடியில் வண்டியோடு நிற்கிறார். நான் என்ன எழுதச் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊருக்கு மேற்கே தேங்காய் நார் மில் ஒன்று இருக்கிறது. முன்பு அதில் எங்கள் ஊர்க்காரர்கள் வேலை செய்தார்கள். தூசி தாங்காமல் ஒவ்வொருவராக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அதன் பிறகு இரண்டு வருஷமாக வடக்கத்தி ஆட்கள் முப்பது பேர் வரையில் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்கிறார்கள். பெங்களூரில் எங்கள் ஆட்களைப் பற்றி அங்குள்ளவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. யாரைக் கண்டாலும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவேன். ஊரில் கோபித்துக்கொண்டவர்கள் கிடையாது, சிரித்துவிட்டுப் போவார்கள். மில் ஆட்கள் சாயங்காலம் கடைக்குப் போகும்போது நாங்கள் புளி தட்டும் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போது, "என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்பேன். அவர்களுக்குப் புரியாது. "நமஸ்தே அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முப்பது பேருக்கும் நான் வைத்திருந்தது மாப்ள என்ற ஒரே பெயர்தான். சுக்தேவ் மாஞ்சி என்ற பெயரே இன்று காலையில் இந்த நிலையத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

போன வாரம் ரஞ்சித்குமார் என்பவர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். அவர் செல்போனிலேயே செய்திச் சேனல் நடத்துகிறவர். கையில் மைக் வைத்திருந்தார். புளி விலை பற்றிக் கேட்பார் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் உட்கார்ந்தேன். அவர் புளியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அக்கா, வடக்கத்தி ஆளுங்க வந்தப்புறம் உங்கூர்ல திருட்டு அதிகமாய்டுச்சாமே?" என்றார்.

"அதையேன் கேக்குறீங்க தம்பி. ராத்திரி படுக்கும்போது எங்க வூட்டு முருங்கக்காய எண்ணிட்டுத்தான் படுக்குறங்க" என்றேன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"எத்தன திருட்டுங்க்கா?"

"நாலுங்க."

பக்கத்தில் இருந்த சின்னம்மாள் என் இடுப்பில் இடித்து, "ஏன்டி, மூணுதானடி?" என்றாள்.

"மூணுன்னா ராசியில்லடி, வுடு" என்றேன்.

இந்தக் கடைசிப் பேச்சை ரஞ்சித்குமார் வெட்டிவிட்டார். மீதியை அன்றைக்கே எல்லார் செல்போனிலும் பார்த்தேன். என் முகம் நன்றாக விழுந்திருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓசூரில் இருக்கும் என் மகள் காவியாவுக்கும் அனுப்பச் சொன்னேன்.

அந்த மூன்று திருட்டும் நடந்தவைதான். வடக்கத்தி ஆட்கள் வந்த பிறகு நடந்தவை என்பதும் பொய்யில்லை. போன வருஷம் மழை பெய்ததும் அவர்கள் வந்த பிறகுதான். ஆனால் திருடியவர்கள் யார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊர்க்காரன் திருடிவிட்டால் போலீசுக்குப் போக மாட்டோம். ஊர்ப் பெரியவர் குப்புராஜ் மாமா செவ்வாய்க்கிழமை கோயிலில் கூட்டம் போடுவார். திருடியவன் சாமி முன்னால் விழுந்து எழ வேண்டும். பறிகொடுத்தவருக்குப் பொருளைத் திருப்பித் தர வேண்டும். அபராதமாகக் கோயிலுக்கு ஒரு சாமான் வாங்கித் தர வேண்டும். அதில் அவன் பேரை 'உபயம்' என்று எழுதி மாட்டிவிடுவோம். அதன் பிறகு வீட்டுக்கு ஒருவர் வந்து, எரிகிற கற்பூரத்தின் மேல் கையை அடித்து அணைத்து, இதைப் பற்றி இனிமேல் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்வோம். அதோடு அந்தத் திருட்டு முடிந்தது. மறுநாள் அவனோடு சேர்ந்து களை வெட்டப் போவோம். எங்கள் கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால், இந்த ஊரில் எவ்வளவு பக்தி என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

முதல் திருட்டு, மாதவராஜின் கிணற்று மோட்டார் ஒயர். எடுத்தவர் பங்காளிச் சண்டையில் இருந்த அவருடைய தம்பி. கோயில் பெரிய மணி அவர் உபயம். இரண்டாவது, அங்கன்வாடி கேஸ் சிலிண்டர். எடுத்தவர் முனியப்பன். கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டி அவர் உபயம். மூன்றாவது, குப்புராஜ் மாமாவின் டிராக்டர் பேட்டரி. அதை எடுத்தவர் வெங்கடாசலம், என் கணவர். கோயில் முகப்பில் எரியும் டியூப் லைட்டில் அவர் பெயர் இருக்கிறது. எங்கள் சமையல்கட்டு வரைக்கும் அந்த வெளிச்சம் வருகிறது. மூன்று தடவையும் எங்கள் வீட்டுக்காகக் கற்பூரம் அணைத்தவள் நான். மைக்கை நீட்டியதும், என் வீட்டுத் திருட்டையும் சேர்த்து எண்ணி, ராசிக்காக ஒன்று கூட்டி, அடுத்தவர் தலையில் வைத்தேன். அப்போது எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. பேரைச் சொல்லக் கூடாது என்றுதானே சத்தியம், எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது என்று இல்லையே என்று நினைத்தேன்.

அதன் பிறகு, இந்த வாரம் திங்கட்கிழமை மத்தியானம் ராணியம்மாள் வீட்டுச் சினை ஆடு காணாமல் போனது. ராணியம்மாளுக்குப் புருஷன் இல்லை, அந்த ஆடுதான் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு கோயில் பக்கம் ஓடி வந்தார். ஆட்கள் சேர்ந்தார்கள். வேலை முடிந்து நானும் போனேன். பொழுது சாய்வதற்குள் நாற்பது ஐம்பது பேர் ஆகிவிட்டோம். அந்த நேரத்தில் சுக்தேவ் மாஞ்சி வாய்க்கால் வரப்பு வழியாகத் தோளில் ஒரு சாக்கோடு வந்தார். மாதவராஜ் குறுக்கே நின்று சாக்கைப் பிடுங்கிக் கொட்டினார். உள்ளே குப்பைக்கீரை இருந்தது. தண்ணீர் பாயும் இடத்தில் தானாக முளைப்பது, எங்கள் ஊரில் யாரும் பறிப்பதில்லை. மில் ஆட்கள் அதைப் பறித்துப் போய் ஆக்கித் தின்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியும்.

சாக்கில் கீரைதான் இருந்தது என்பதை எல்லாரும் பார்த்தோம்.

மாதவராஜ் கூட்டத்தில் என்னைத் தேடி, "ஏன்க்கா, வீடியோல நாலுன்னு சொன்னியே, அது இவந்தானா?" என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். "முழிக்கிற முழியப் பாரேன், மொத தீவாளிக்கு மாமியா வூட்டுக்கு வந்தவனாட்டம். இவனேதான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து சுக்தேவ் மாஞ்சியும் சிரித்தார். சிரித்த வாயில்தான் முதல் அடி விழுந்தது. அடித்தவர் மாதவராஜ். அதன் பிறகு யார் யார் அடித்தார்கள் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. என் கணவர் அடித்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் அவர் பின்னால் நிற்கவும் இல்லை. சுக்தேவ் மாஞ்சி, "அக்கா, ஆடு நஹி. கீரை. சாப்பாடு கீரை அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா என்று கூப்பிடும் வயதில் அங்கே பல பேர் இருந்தோம். அவர் என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். மண்வெட்டிக் காம்பு வலது கையில் விழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது. "போதும், வுடுங்கப்பா" என்று கத்தினேன். அதற்கும் சிலர் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது எங்கள் ஊரில் பழக்கம். இன்னொரு தடவை கத்தினேன், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சகாயமேரி டீச்சரும் கூடக் கத்தினார். டீச்சர் போட்ட போனில்தான் போலீஸ் வண்டி வந்து சுக்தேவ் மாஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனது. கொட்டிக் கிடந்த கீரையை ஊர் ஆடுகள் வந்து தின்றன. அன்று இரவே புகார் எழுதினார்கள். வீடியோவில் நாலு, ஆட்டோடு ஐந்து என்று எழுதிய இடத்தை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சந்தைக்குப் போயிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே ராணியம்மாளின் ஆட்டைப் பார்த்துவிட்டார். அந்த ஆட்டுக்கு ஒரு காது கிழிந்திருக்கும். விற்க நின்றவர் சிவக்குமார், குப்புராஜ் மாமாவின் தங்கை மகன். ஆட்டையும் அவரையும் கூட்டி வந்தார்கள். அன்றைக்கே கோயிலில் கூட்டம். சிவக்குமார் சாமி முன்னால் விழுந்து எழுந்தார். ஸ்பீக்கர் பெட்டி ஒன்று உபயம் என்று முடிவானது. கற்பூரம் ஏற்றினார்கள்.

அப்போது நான் குப்புராஜ் மாமாவிடம், "மாமா, அப்ப அந்த இந்திக்காரப் பையன்?" என்று கேட்டேன்.

"அதுக்குப் போலீஸ் இருக்குது, கோர்ட்டு இருக்குதும்மா. அவங்க பாத்துக்குவாங்க."

"நாமதான மாமா எழுதிக் குடுத்தோம்?"

"ஏம்மா குள்ளம்மா, நாளெல்லாம் வெளையாடுவ, இப்பத்தான் உனுக்கு ஞாயம் பொத்துக்கிச்சா? எழுதுனத வாபஸ் வாங்குனா அடிச்சவன் அத்தன பேரும் உள்ள போவான். உம்மூட்டுக்காரன் எங்க நின்னான்னு நான் பாக்கலையா? சிவா நம்ம புள்ள, ஊரோட போவட்டும். அவன் எந்த ஊரு எந்த சீமையோ. நாலு நாள் இருந்துட்டு ரயிலேறிப் போயிடுவான்."

ராணியம்மாள் ஆட்டைக் கையில் பிடித்தபடியே வந்து கற்பூரத்தை அணைத்தார். என் முறை வந்தது. நானும் அணைத்தேன். அதை மறைக்கவில்லை.

நேற்று புதன்கிழமை நான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் மில் ஆட்கள் யாரும் கொட்டகை வழியாகப் போகவில்லை. அவர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று சின்னம்மாள் சொன்னாள். அதன் பிறகு நாங்கள் இருட்டும் வரை புளி தட்டினோம். நேற்று அந்த ஆடு இரண்டு குட்டி போட்டது. ஆடும் குட்டியும் ராணியம்மாள் வீட்டில் இப்போதும் கட்டியிருக்கின்றன. ஆய்வாளர் ஐயா ஆள் அனுப்பிப் பார்க்கலாம். காது கிழிந்த ஆடு.

இன்று காலை என் கணவர் என்னை வண்டியில் கூட்டி வந்தார். "நாலுன்னு சொல்லிட்டு வா, அவ்ளதான். வூட்ல வேல கெடக்குது" என்றார். சரி என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஆய்வாளர் ஐயா எனக்கு டீ வரவழைத்தார். அதன் பிறகு, "உங்க ஊர் மேல இத்தன வருஷமா ஒரு திருட்டுக் கேஸ் இல்லம்மா. நல்ல ஊருன்னு நானே மீட்டிங்ல சொல்லியிருக்கேன். வெளியாளுங்க வந்துதான் கெடுத்துட்டானுங்க" என்றார்.

நான் டீயைக் கீழே வைத்தேன். என்னை யாராவது திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அவர் பாராட்டினார். கொஞ்ச நேரம் சிரித்தேன். அதன் பிறகு எழிலரசி அம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அவர், "எதுக்கும்மா அழுவுறீங்க, சும்மா சொல்லுங்க" என்றார். அப்போதுதான், "எங்கூர்ல திருடன் இல்லன்னு யாருங்க சொன்னது? நாங்க யாரையும் குடுக்கறதில்ல, அதாங்க" என்று சொன்னேன். அதிலிருந்துதான் இந்த வாக்குமூலம் ஆரம்பமானது.

எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் இதை எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். எங்கள் ஊரில் இருநூறு வீடு. இந்த இரண்டு வருஷத்தில் எனக்குத் தெரிந்து நாலு திருட்டு, நாலையும் செய்தவர்கள் ஊர்க்காரர்கள். ஐந்தாவது ஒன்று இல்லவே இல்லை, அது என் வாயிலிருந்து வந்தது. மில்லில் முப்பது பேர். அவர்கள் எங்கள் ஊரில் எதையும் எடுத்ததாக எனக்குத் தெரியாது, கீரையைத் தவிர. உங்கள் கணக்கில் எங்கள் ஊர்க்காரர்கள் மேல் பூஜ்யம் இருக்கிறது, அவர்கள் மேல் ஐந்து ஏறப் போகிறது. பிறகு யாராவது அந்தக் கணக்கைப் பார்த்து, வந்தவர்கள் திருடர்கள், இருப்பவர்கள் நல்லவர்கள் என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் அப்படித்தான் கொடுத்திருக்கிறோம். வடக்கத்தி ஆட்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. அவர்களிலும் எங்களைப் போல இருப்பார்கள். இவர் இதைச் செய்யவில்லை.

கற்பூர சத்தியத்தை மீறினால் கண் போய்விடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இவ்வளவு சொன்ன பிறகும் எழிலரசி அம்மா எழுதுவது தெரிகிறது. ஊரில் இனி என்னைப் புளி தட்டக் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் என்ன நடக்கும் என்று வெளியே போனால்தான் தெரியும். என் கணவர் எடுத்த பேட்டரிக்கு வழக்குப் போடுவதானால் போட்டுக்கொள்ளலாம். வீடியோவில் பொய்யாகப் பேசியதற்கும், கூட்டத்தில் "இவனேதான்" என்று சொன்னதற்கும் என் மேல் என்ன வழக்கு உண்டோ அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அதை விளையாட்டுக்குச் சொன்னேன் என்று எழுத வேண்டுமா என்று எழிலரசி அம்மா கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். சுக்தேவ் மாஞ்சி மேல் உள்ள புகாரில் என் பெயரை நீக்கிவிட்டு, அவரை அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை எழிலரசி அம்மா வாசித்துக் காட்டக் கேட்டேன். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் நடந்த ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். மை தீர்ந்து வேறு பேனா எடுத்து வர எழிலரசி அம்மா உள்ளே போனபோது நான் வெளி வராந்தாவுக்கு வந்தேன். பெஞ்சில் சுக்தேவ் மாஞ்சி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டார்கள் என்று நினைத்து, அவர் காலில் விழுந்தேன். "தம்பி, எம்மேல தப்பு, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி அழுதேன். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பலாம் என்று காலையில் அவருக்காக வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, "பரவாயில்ல அக்கா, அழாதீங்க" என்று நல்ல தமிழில் சொன்னார். எழிலரசி அம்மா திரும்பி வந்து, இவர் சுக்தேவ் மாஞ்சி இல்லை என்று தெரிவித்தார். இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன, நான் கவனிக்கவில்லை. இவரும் வடக்கத்தி ஆள்தான், பரோட்டாக் கடையில் வேலை செய்கிறவர். பஸ் ஸ்டாண்டில் இவருடைய செல்போனை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று புகார் கொடுக்கக் காலையிலேயே வந்தவர். என் வாக்குமூலம் எழுதி முடியட்டும் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். பிஸ்கட்டை அவர் சாப்பிட்டுவிட்டார்.

(ஒப்பம்) குள்ளம்மாள்